எஃப்2ஏ (கிரீன் கார்டு உள்ளவரின் மனைவி, பிள்ளைக்கான அமெரிக்க விசா வகை) கேஸ் 14 மாதமாக அப்படியே நிற்கிறது. வீட்டுக்காரர் குடியுரிமைக்குப் போடலாமா? நான் வேலைக்குப் போகலாமா?

கருங்கல்_பெண் (2021 ஜூன் 12)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கருங்கல் பக்கம். 2018 ஜனவரியில் கல்யாணம். வீட்டுக்காரர் டெக்சாஸில் இருக்கிறார், 2016 நவம்பரில் கிரீன் கார்டு கிடைத்தவர். கல்யாணம் முடிந்த அடுத்த மாதமே எனக்கு ஐ-130 (குடும்பத்தாரை அழைத்துக்கொள்ளப் போடும் மனு) போட்டார். 2019 அக்டோபரில் மகள் பிறந்தாள், அதற்கு மூன்று வாரம் லீவில் வந்துவிட்டுப் போனார், அதோடு சரி, இன்றுவரை பிள்ளையைத் தொட்டுத் தூக்கவில்லை. மகளையும் என் கேஸிலேயே சேர்த்து அவளுக்கும் 325 டாலர் கட்டி டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பம் நிரப்பினோம். ஆவணமெல்லாம் சரி என்று 2020 ஜனவரியில் என்விசியிலிருந்து (அமெரிக்காவின் தேசிய விசா மையம்) மெயில் வந்தது. ஏப்ரலில் மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இன்டர்வியூ. மார்ச் முதல் வாரம் கைக்குழந்தையோடு சென்னைக்குப் போய் மெடிக்கலும் முடித்துவிட்டோம். பெட்டி வாங்கியாயிற்று, அம்மா முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறுகூட வாங்கி வைத்துவிட்டாள்.

மார்ச் 20 அன்று உலகம் முழுக்க வழக்கமான விசா வேலை நின்றது. இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஏப்ரல் 22 அன்று வெளிநாட்டிலிருந்து குடியேறுகிறவர்களைத் தடுத்து டிரம்ப் உத்தரவு வந்தது, அதில் அமெரிக்கக் குடிமக்களின் மனைவிக்கு விலக்கு உண்டு, கிரீன் கார்டு உள்ளவரின் மனைவிக்கு இல்லை. முதலில் 60 நாள் என்றார்கள், அப்புறம் டிசம்பர் வரை, அப்புறம் 2021 மார்ச் வரை. பிப்ரவரி 24 அன்று பைடன் அதை ரத்து செய்தபோது நானும் அவரும் போனில் பேசவே முடியாமல் அழுதோம். ஆனால் ஏப்ரல் 30 அன்று யாருக்கு முதலில் என்று ஒரு வரிசை வெளியிட்டார்கள், அதில் எங்கள் வகை மூன்றாவது படியில் இருக்கிறது. இங்கே இரண்டாம் அலை, ஊரடங்கு. எடுத்த மெடிக்கல் ஆறு மாதத்திலேயே காலாவதி.

இப்போது மூன்று விஷயத்தில் குழம்பிப்போய் இருக்கிறேன். ஒன்று, அவர் ஆகஸ்டில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், போட்டால் என் கேஸ் முந்துமா? இரண்டு, மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜெண்ட் 40,000 ரூபாய் கொடுத்தால் இன்டர்வியூ தேதி எடுத்துத் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா? மூன்று, வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நிற்கிறார்.

இன்னொன்றும் உண்டு. நான் பி.எட். முடித்தவள். எப்படியும் போகப்போகிறோம் என்று 2019-ல் வேலையை விட்டேன். இப்போது பக்கத்துப் பள்ளியில் ஆன்லைன் வகுப்புக்கு ஆள் கேட்கிறார்கள். சேர்ந்த பத்தாம் நாளே இன்டர்வியூ வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். கடைக்குப் போனால் "நீ எப்பம் போற?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சுகமா என்று யாரும் கேட்பதில்லை.

காலை ஏழு மணிக்கு, அவருக்கு அங்கே இரவு எட்டரை, மகள் போன் முன்னால் நின்று பல் தேய்ப்பாள். அவரும் அங்கே நின்று தேய்ப்பார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் அதுதான். யாராவது இந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

குழித்துறை_தம்பி (ஜூன் 12)

அக்கா, கண்டிப்பாகக் குடியுரிமைக்குப் போடச் சொல்லுங்கள். மாமா சிட்டிசன் ஆனதும் உங்கள் கேஸ் உடனடி உறவினர் வகைக்கு மாறிவிடும், இரண்டாவது படிக்கு ஏறிவிடுவீர்கள். பாப்பாவும் கூடவே தானாக மாறிவிடும், கவலைப்பட ஒன்றுமில்லை.

---

நாஞ்சில்_டல்லாஸ் (ஜூன் 13)

தம்பி நல்ல மனதோடு சொல்லியிருக்கிறார், ஆனால் கடைசி வரி தவறு, அந்த வரியை நம்பி ஒரு குடும்பம் பிரிந்து நின்றதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் தங்கச்சி, பொறுமையாகப் படியுங்கள்.

எஃப்2ஏ வகையில் மனைவிக்கு ஒரு பெட்டிஷன் போட்டால் பிள்ளையும் அதன் நிழலிலேயே வரலாம். குடிமகனின் மனைவி என்ற வகையில் அந்த வசதி கிடையாது. அவர் குடியுரிமை உறுதிமொழி எடுக்கிற அன்றே உங்கள் கேஸ் மேலே ஏறும், மகள் அந்தக் கேஸிலிருந்து விழுந்துவிடுவாள். அவளுக்குத் தனியாக ஐ-130 வேண்டும். அன்றைக்குத்தான் போட ஆரம்பித்தால் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம், கையில் உங்கள் விசா இருக்கும், பிள்ளைக்கு இருக்காது.

அதனால் செய்ய வேண்டியது இது. அவரை இந்த வாரமே மகள் பெயரில் தனி ஐ-130 போடச் சொல்லுங்கள். கிரீன் கார்டு உள்ளவரே போடலாம். கட்டணம் 535 டாலர். அவர் பின்னால் சிட்டிசன் ஆனால் அந்தப் பெட்டிஷனும் தானாக மேல் வகைக்கு மாறும். அதற்குள் எஃப்2ஏ-விலேயே இன்டர்வியூ வந்துவிட்டால் 535 டாலர் போனது போனதுதான், போகட்டும், அது பிள்ளைக்குப் போட்ட காப்பீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடியுரிமை விண்ணப்பம் ஐந்து வருடம் முடிவதற்கு 90 நாள் முன்பே போடலாம், நவம்பர் என்றால் ஆகஸ்ட், உங்கள் கணக்கு சரி. கட்டணம் 725 டாலர். முடிய எப்படியும் பல மாதம் ஆகும். இடையில் இப்போதைய கேஸ் நிற்காது, இரண்டும் பாட்டுக்கு ஓடும், எது முதலில் வருகிறதோ அதில் ஏறுங்கள்.

வேலையை விடவே கூடாது, அதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். உங்களுக்காக ஐ-864-ல் (குடும்பத்தைக் காப்பாற்ற வருமானம் உண்டு என்று கொடுக்கும் உறுதிமொழிப் படிவம்) கையெழுத்துப் போட்டவர் அவர். மூன்று பேர் குடும்பத்துக்கு இந்த வருடக் கணக்கில் ஆண்டுக்கு 27,450 டாலர் வருமானம் காட்ட வேண்டும், இன்டர்வியூ அன்று புதிய சம்பளச் சீட்டு கேட்பார்கள். அதற்குப் பதிலாக லீவு எடுத்து வரட்டும். மே 4 முதல் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்கா போட்டிருக்கும் தடை கிரீன் கார்டு உள்ளவர்களுக்குப் பொருந்தாது, திரும்பிப் போகலாம். புறப்படுவதற்கு மூன்று நாளுக்குள் எடுத்த கொரோனா நெகட்டிவ் ரிப்போர்ட் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் ஒரே மூச்சாக வெளியே தங்கினால் குடியுரிமைக்கான தொடர் வசிப்பில் சிக்கல் வரும். ஐந்தாறு வாரம் வந்து பிள்ளையோடு இருந்துவிட்டுப் போனால் எந்தக் கேடும் இல்லை.

மெடிக்கலை இப்போது மறுபடி எடுக்காதீர்கள். புது இன்டர்வியூ கடிதம் வந்த பிறகு எடுங்கள். விசாவின் ஆயுளே மெடிக்கலின் ஆயுளோடுதான் கட்டப்பட்டிருக்கிறது, முன்கூட்டி எடுத்தால் நஷ்டம் உங்களுக்கு. போலீஸ் கிளியரன்ஸ் பழையதாக இருந்தால் மட்டும் புதிதாக ஒன்று எடுத்து வையுங்கள். எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி திருவனந்தபுரத்திலிருந்து மும்பைக்குப் பறந்தாள், களியக்காவிளையில் இரண்டு மாநில பாஸும் கேட்டார்கள், இன்டர்வியூ கடிதத்தை நான்கு நகல் எடுத்துக் கையிலேயே வைத்திருந்ததால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

---

குழித்துறை_தம்பி (ஜூன் 13)

அண்ணன், மன்னிக்கணும், எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளை அங்கேயே பிறந்தது, அதை வைத்துச் சொல்லிவிட்டேன். அக்கா, அண்ணன் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

---

குளச்சல்_சவுதி (ஜூன் 13)

அந்த 40,000 ரூபாயைக் கொடுக்காதே தங்கச்சி. நான் கொடுத்து அழிந்தவன், அதனால் சொல்கிறேன்.

2020 பிப்ரவரியில் சவுதியிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தேன். அடுத்த மாதமே விமானம் எல்லாம் நின்றுவிட்டது. ஒரு வருடம் ஆகப்போகும்போது ஒரு ஏஜெண்ட், துபாயில் 14 நாள் தங்கிவிட்டு அங்கிருந்து சவுதிக்குள் போகலாம், ரூம் சாப்பாடு டிக்கெட் எல்லாம் சேர்த்து 95,000 என்றார். அப்போது அந்த வழி உண்மையில் திறந்துதான் இருந்தது, பொய் இல்லை. வீட்டுக்காரியின் வளையலை அடகு வைத்துப் போனேன். பன்னிரண்டாவது நாள், பிப்ரவரி 3, சவுதி 20 நாடுகளுக்குக் கதவடைத்தது, இந்தியாவும் அதில், துபாயும் அதில். ஒரு ரூமில் எட்டு பேர். தினமும் யாராவது ஒருத்தன் இன்றைக்குத் திறக்கும் என்பான். மாதக் கடைசியில் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்தேன். ஏஜெண்ட் ஒரு ரூபாய் திருப்பித் தரவில்லை.

என் இக்காமாவை (சவுதியில் தங்குவதற்கான அனுமதி அட்டை) சவுதி அரசே பணம் வாங்காமல் நீட்டித்துக்கொண்டு வருகிறது. அதற்கு ஒரு ஏஜெண்டும் தேவைப்படவில்லை. கதவைத் திறப்பதும் அடைப்பதும் அரசாங்கம், நடுவில் நிற்கிறவனுக்கு அதில் பிடியே இல்லை. உன் கேஸும் அப்படித்தான் இருக்கும், ஆவணம் சரியான வரிசைப்படிதானே தேதி போடுவார்கள்? டல்லாஸ் அண்ணன் உறுதி செய்யட்டும்.

அப்புறம் வேலை விஷயம். நான் ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். இன்று போவோம், நாளை போவோம் என்று தலைமுடிகூட வெட்டவில்லை. இப்போது குளச்சலில் தடைக்காலம், ஜூலை 31 வரை விசைப்படகு போகாது, வலை சரிபண்ணும் வேலைக்குப் போகிறேன், கூலி கம்மி, ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கையில் மீனோ பிள்ளைக்குப் பழமோ இருக்கிறது. ஈரானில் மாட்டிக்கொண்ட நம்ம ஆட்கள் போன வருடம் ஜூலை 1-ல் ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கினார்கள் இல்லையா, அதில் என் சித்தப்பா மகனும் ஒருத்தன். நான்கு மாதம் படகிலேயே கிடந்தவன். வந்த அடுத்த வாரம் வேலைக்குப் போனான். ஏன்டா என்று கேட்டதற்கு, உட்கார்ந்து காத்திருக்க இனிமேல் பலம் இல்லை என்றான்.

---

நாஞ்சில்_டல்லாஸ் (ஜூன் 13)

ஆமாம், குளச்சல் அண்ணன் சொன்னது சரி. ஆவணம் முழுமையான தேதி வரிசைப்படி என்விசி தேதி கொடுக்கிறது. காசு வாங்கிக்கொண்டு வெளியாள் யாரும் உள்ளே நுழைக்க முடியாது. உயிருக்கு ஆபத்தான அவசரம் இருந்தால் முன்கூட்டித் தரச் சொல்லி நீங்களே மெயிலில் கேட்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

---

தக்கலை_டீச்சர் (ஜூன் 14)

மக்களே, நான் 31 வருடம் பள்ளியில் இருந்தவள், இப்போது ஓய்வு. விசா விஷயம் எனக்குத் தெரியாது, மற்றவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். பள்ளி விஷயத்தை நான் சொல்கிறேன்.

நாளைக்கே போய்ச் சேர். தலைமை ஆசிரியரிடம் உள்ளதை உள்ளபடி சொல்: எனக்கு ஒரு கடிதம் வரலாம், வந்தால் ஒரு மாத அறிவிப்பு கொடுத்துவிட்டுப் போவேன், பாடக்குறிப்பை எழுதி அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன். பிரசவத்துக்கும் மாற்றலுக்கும் நடுவருடத்தில் ஆள் போவது எந்தப் பள்ளிக்கும் புதிதல்ல. இந்த வருடம் பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடக்கின்றன, ஒரு மாதம் உன்னிடம் படித்தாலும் அது அந்தப் பிள்ளைகளுக்கு லாபம். இதில் குற்ற உணர்வே வேண்டாம்.

"எப்பம் போற" என்று கேட்கிறவர்கள் பாதிப்பேர் வேறு பேச்சு தெரியாமல் கேட்கிறார்கள். என் மகள் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகக் காத்திருந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் ஒரே பதில் வைத்திருந்தேன், "கடிதம் வந்தா உங்க வீட்டுக்கு நானே வந்து சொல்லுவேன்" என்று. இரண்டு தடவைக்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பிள்ளைக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது நெருங்குகிறது, 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் ஊசியும் முத்தடுப்பு பூஸ்டரும் போட்டாயிற்றா? ஊரடங்கில் பல பிள்ளைகளுக்கு விட்டுப்போயிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிட்டு அட்டையில் தேதி எழுதி வாங்கிக்கொள். மெடிக்கலில் பிள்ளையின் ஊசி அட்டையைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று என் மகள் சொன்னாள்.

---

கருங்கல்_பெண் (ஜூன் 16)

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி இந்தப் பக்கத்தை அப்படியே அவருக்கு வாசித்துக் காட்டினேன். மகள் விஷயம் அவருக்கும் தெரியாது, கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. ஐ-130 நிரப்ப ஆரம்பித்துவிட்டார், பிறப்புச் சான்றிதழின் நகல் இன்று காலை அனுப்பினேன். வேலையை விடும் பேச்சு இனி இல்லை. செப்டம்பரில் ஐந்து வாரம் லீவு கேட்டிருக்கிறார். விண்ணப்பத்தை ஆகஸ்டில் போட்டுவிட்டு வருவார்.

ஏஜெண்டுக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். அப்படியானால் 25,000 கொடு என்றார். வைத்துவிட்டேன்.

டீச்சர், நீங்கள் கேட்ட ஊசியில் ஒன்று விட்டுப்போயிருந்தது, அட்டையை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சனிக்கிழமை போடச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியிலும் சொன்னபடியே பேசினேன், எட்டாம் வகுப்புக்கு அறிவியல். திங்கள்கிழமை காலை எட்டரைக்கு முதல் வகுப்பு. பல் தேய்த்து முடித்த பிறகுதான், அதனால் அந்த நேரத்துக்கு இடைஞ்சல் இல்லை.

குளச்சல் அண்ணன், சவுதி திறந்தால் இங்கே வந்து ஒரு வரி எழுதுங்கள்.