அப்பாவின் மக்காச்சோளத்தை விட்டுவிட்டு மா வைக்கலாமா?

நிலமகள்:
எங்கள் நிலம் பன்னிரண்டு ஏக்கர். தாத்தா காலத்தில் முழுக்கப் பருத்தி. காய்ப்புழு எந்த மருந்துக்கும் அடங்காத நிலை வந்ததும் அப்பா மக்காச்சோளத்துக்கு மாறினார். இருபத்தாறு வருஷமாக அதுதான் ஓடுகிறது. இப்போது படைப்புழு குருத்துக்குள் புகுந்து தின்கிறது. மருந்துச் செலவு வருஷா வருஷம் ஏறுகிறது, விளைச்சல் ஏறவில்லை. பன்னிரண்டு ஏக்கரிலும் ஒட்டு மா வைத்துவிடலாம் என்கிறேன் நான். அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்கிறார். தாத்தாவின் பயிரை அவர் மாற்றியது சரி, நான் மாற்றினால் மட்டும் தப்பா?

பழைய வரப்பு:
அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாதுளை விலை உச்சத்தில் இருந்தபோது என் அண்ணன் இருந்த பயிரை அழித்துவிட்டு நிலம் முழுக்க அதையே வைத்தார். காய்ப்புக்கு வந்தபோது சுற்றிலும் எல்லோர் நிலத்திலும் மாதுளைதான். வாங்க வந்தவர் சொன்னதுதான் விலை. கடனை அடைக்க மூன்று ஏக்கர் போனது.

எங்கள் வீட்டோடு முடிகிற கதை இல்லை இது. இலங்கையில் 1869இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் தென்பட்டது. காப்பி சரியத் தொடங்கியதும் தோட்டக்காரர்கள் பலர் சின்கோனாவுக்குத் தாவினார்கள். மலேரியாவுக்கான குயினைன் அதன் பட்டையில் இருந்துதான் வந்தது, நல்ல விலை. ஆளாளுக்கு வைத்ததில் 1880களில் பட்டை குவிந்து விலை விழுந்தது. ஒரு பருவத்துப் பயிரில் தப்பு நடந்தால் அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம். மரத்தில் செய்த தப்பு பத்து வருஷம் கண்முன்னால் நிற்கும்.

கலப்பை:
ஐயா சின்கோனாவோடு நிறுத்திவிட்டார். அதே இலங்கையில், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867இல். துருநோய் கண்ணில் படுவதற்கு இரண்டு வருஷம் முன்பே! தன் பங்களா வராந்தாவிலேயே இலையை உருட்டிப் பக்குவம் பார்த்தவர் அவர். காப்பி போனபோது தேயிலைக்கு மாற ஒரு வழி தெரிந்தது என்றால், அதற்குள் யாரோ செய்து பார்த்திருந்ததும் ஒரு காரணம். பழைய பயிர் இன்னும் சோறு போடும்போதே புதியதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கழுத்துக்குக் கடன் வந்தபிறகு மாறுகிறவர் சின்கோனாவில்தான் போய் விழுவார். அதனால் நிலமகள் மாறுவதை ஆதரிக்கிறேன், பன்னிரண்டு ஏக்கரையும் ஒரே மூச்சில் மாற்றுவதை இல்லை.

நிலமகள்:
அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து என்டர்பிரைஸ் ஊரில், பருத்தியை அழித்த கூன்வண்டுக்கு 1919இல் நினைவுச்சின்னமே எழுப்பினார்கள். அந்த வண்டு வந்ததால்தான் நிலக்கடலைக்கு மாறிப் பிழைத்தார்கள். அவர்கள் ஏக்கர் ஏக்கராகத் தயங்கிக்கொண்டு நிற்கவில்லையே?

பழைய வரப்பு:
நிலக்கடலை நாலு மாதத்துப் பயிர், மா அப்படியா? ஒட்டுக்கன்றே கையில் காசு காட்ட நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை வீடு எதில் ஓடும்?

அப்புறம், ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் நிலம் செத்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் பிராட்பாக் வயலில் 1843 முதல் கோதுமை விளைகிறது. இன்னும் விளைந்துகொண்டுதான் இருக்கிறது.

கலப்பை:
அந்த வயலையே எடுத்துக்கொள்வோம் ஐயா. 1968இல் அதில் சில பகுதிகளில் மட்டும் இடையிடையே வேறு பயிர் போட ஆரம்பித்தார்கள். மாற்றுப்பயிருக்கு அடுத்து வரும் கோதுமை, விடாமல் கோதுமை போடும் பகுதியைவிடக் கூடுதலாக விளைகிறது. ஒரே பயிர் போடும் மண்ணில் வேரைத் தாக்கும் நோய் தங்கிவிடுவது அதற்கு முக்கியக் காரணம். ஆய்வு நிலையம் விளைச்சல் குறைந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். நிலமகள் வீட்டில் கடன்காரர் வந்து நிற்பார்.

ஒட்டுக்கிளை:
இரண்டு பேரும் பயிரை மாற்றுவதா வேண்டாமா என்றே பேசுகிறீர்கள். 1860களில் பிரான்சில் வேர்ப்பூச்சி வந்து திராட்சைத் தோட்டங்களைக் காயவைத்தது. அமெரிக்கத் திராட்சையின் வேர்ச்செடியில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். பழம் அதே பழம், கீழே வேர் மட்டும் வேறு. அப்பாவின் மக்காச்சோளத்துக்குள்ளேயே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஊடுபயிராகத் தட்டைப்பயறு போடலாம், ஒரு பருவம் விட்டு உளுந்து போடலாம். பயறு வகையின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது, அடுத்த பயிருக்கு உரம் கொஞ்சம் மிச்சமாகும். மா வைத்தாலும் முதல் சில வருஷம் வரிசைகளுக்கு நடுவே இதே பயறுகளைப் போடலாம். கன்று சின்னதாக இருக்கும்வரை வெயிலுக்குக் குறைவில்லை.

ஒன்று கேட்கிறேன். வேண்டாம் என்ற அப்பாவிடம் ஏன் வேண்டாம் என்று கேட்டீர்களா?

நிலமகள்:
நீங்கள் சொல்லும்வரை கேட்கவில்லை. நேற்றுதான் கேட்டேன். பதில் பேசாமல் என்னை வயலுக்குக் கூட்டிப் போனார். மேற்கே தாழ்வாக நாலு ஏக்கர். பெரிய மழை பெய்தால் அங்கே ஒரு வாரம் தண்ணீர் நிற்கும், மாவுக்கு அது ஆகாது. நடுவில் இரண்டு ஏக்கரில் முழ ஆழத்துக்குக் கீழே கடினப்பாறை, வேர் இறங்காது. தாத்தா கிணறு வெட்டப் பார்த்துப் பாதியில் விட்ட இடமாம். பதினைந்து வருஷமாக அந்த நிலத்தில் நடக்கிறேன், இரண்டுமே எனக்குத் தெரியாது. கிழக்கு மேட்டுச் செம்மண்ணில் வைத்தால் நான் தடுக்க மாட்டேன் என்றார். இத்தனை நாளும் அவர் வேண்டாம் என்றது மாவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய வரப்பு:
நல்லது. ஆனால் என் மறுப்பை நான் விடவில்லை. இங்கே யாரும் தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது: பங்கு. உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா? வெறும் நிலத்தில் வரப்பு போட்டுப் பிரிப்பது சுலபம். காய்க்கிற தோப்பை எப்படிப் பிரிப்பீர்கள்? நட்டவர் ஒருவர், தண்ணீர் விட்டவர் ஒருவர், காய்க்கும் நேரத்தில் பங்கு கேட்பவர் இன்னொருவர். எங்கள் வீட்டில் கடனைவிட அதிகம் வலித்தது இதுதான். என் அண்ணனும் நானும் ஒன்பது வருஷம் பேசவில்லை. மரம் வைப்பதென்றால் அடுத்த தலைமுறையையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறோம் என்று அர்த்தம்.

கலப்பை:
இதற்கு என்னிடம் மறுப்பில்லை ஐயா. பயிரைப் பற்றி நூறு பேரிடம் கேட்கிறோம், இதை யாரிடமும் கேட்பதில்லை.

நிலமகள்:
ஒரு தம்பி இருக்கிறான், வெளியூரில் வேலை. இன்று காலை அவனோடு பேசினேன். கிழக்கு மேட்டில் இரண்டு ஏக்கர் மா. கன்றுச் செலவும் கடனும் என் பெயரில். நிலம் பிரியும்போது அந்த இரண்டு ஏக்கர் என் பங்கில் சேரும், அதற்கு ஈடாகக் கிணற்றோரம் அவனுக்கு. மூன்று பேரும் உட்கார்ந்து எழுதிவிட்டோம். மீதிப் பத்தில் அப்பாவின் மக்காச்சோளம் தொடரும், நடுவே தட்டைப்பயறு போட ஒத்துக்கொண்டார். குழி எந்த இடைவெளியில் எடுக்கலாம் என்று யாராவது சொல்லுங்கள். அப்பா இப்போதே கயிறும் முளைக்குச்சியும் எடுத்து வைத்துவிட்டார்.