பயிர் பாதுகாப்புத் துப்பாக்கி லைசென்ஸ்: பக்கத்துக் காட்டுல சுடலாமா? அவசரம்

சோளக்காட்டான்:
வணக்கம்ங்க. சத்தியமங்கலம் பக்கம் 4 ஏக்கர் மக்காச்சோளம். கதிர் பால் புடிக்கிற நேரத்துல நேத்து ராத்திரி காட்டுப்பன்னி பூந்து அரை ஏக்கரைச் சாய்ச்சுப் போட்டிருச்சு. காலையில பார்த்தா சோளத்தட்டு பாய் விரிச்சாப்பல கிடக்குது. லைசென்ஸ் புக்குல பயிர் பாதுகாப்புக்குன்னு இருக்குது, எங்க சர்வே நம்பரும் போட்டிருக்குது. ஆனா பன்னி வர்றது பக்கத்துக் காட்டு வழியா. அங்க வெச்சே சுட்டா செல்லுமா? அவங்க சரின்னுட்டாங்க. சீக்கிரம் சொல்லுங்க, இன்னிக்கும் வரும்.

தென்றல்_சென்னை:
காட்டுல சுடலாமான்னு பொதுவுல கேட்கறீங்களே சார்! அது புலிகள் காப்பகம். உள்ள போனா அவ்வளவுதான்.

மொடக்குறிச்சியான்:
அவரு சொல்ற காடு வனம் இல்லைங்க. எங்க பக்கம் மானாவாரி நிலத்துக்குக் காடுன்னு பேரு. கிணத்துத் தண்ணி பாஞ்சா தோட்டம்.

தென்றல்_சென்னை:
அப்ப நிஜக் காட்டுக்கு என்ன பேரு?

மொடக்குறிச்சியான்:
பாரஸ்ட்டு.

குழல்12:
துப்பாக்கி எதுன்னே சொல்லலையே. மருந்து கிட்டிக்கிற எஸ்.பி.எம்.எல்.லா, தோட்டா போடற ஒத்தைக்குழலா? லைசென்ஸ் எந்த வருஷம் வரைக்கும்?

ரவுண்டு_ராசு:
இதெல்லாம் எதுக்கு? ஏர்கன் வாங்குங்க, லைசென்ஸே வேண்டாம். நான் மயிலையே விரட்டறேன்.

குழல்12:
குழல் துளை 0.177 இன்ச்சுக்கும், குண்டு பாயற சக்தி 20 ஜூலுக்கும் உள்ள இருந்தாத்தான் லைசென்ஸ் வேண்டாம். அதுல பன்னியை அடிச்சா காயம்பட்டு ஆள் மேலதான் பாயும். மயில் வன உயிரினச் சட்டத்துல 1ஆம் அட்டவணை, அதை இங்க எழுதி வேற வைக்கிறீங்க.

ரவுண்டு_ராசு:
விரட்டறேன்னுதான் சொன்னேன்.

சட்டப்பிரிவு_சாமி:
வருஷத்துக்கு நாலு தடவை இதே கேள்வி. தேடிப் பார்க்கற பழக்கமே யாருக்கும் இல்லை. தம்பி, 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கி வெச்சுக்க விடுது, அவ்வளவுதான். பன்னியைக் கொல்லலாமாங்கறது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதுல பன்னி இப்ப 2ஆம் அட்டவணை. 11ஆவது பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் தந்த அலுவலரோ எழுத்துல உத்தரவு போடணும். அது இல்லாம உங்க சொந்த நிலத்துல சுட்டாலும் வேட்டைதான். பக்கத்து நிலம்னா லைசென்ஸ் நிபந்தனை மீறலும் சேரும்: ஆயுதச் சட்டம் 30ஆவது பிரிவு, 6 மாசம் வரை உள்ள. பக்கத்துக்காரர் தலையாட்டினா புக்குல இருக்கிற எழுத்து மாறிடுமா?

மொடக்குறிச்சியான்:
கேரளாவுல 2022ல இருந்து பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு போடறாரு. இங்க மட்டும் விவசாயி சட்டம் படிச்சுட்டு உழவு ஓட்டோணுமா?

சட்டப்பிரிவு_சாமி:
அங்கயும் உத்தரவு உண்டு, போடற ஆள்தான் வேற. இங்க 2025 ஜனவரி அரசாணை பாருங்க. காப்புக்காட்டுல (ரிசர்வ் பாரஸ்ட்) இருந்து 1 கி.மீ.க்குள்ள சுடக்கூடாது. 1 முதல் 3 வரை பிடிச்சுக் கொண்டுபோய் விடணும். 3க்கு அப்பால்தான் சுடறது, அதுவும் வனத்துறை ஆள்.

மொடக்குறிச்சியான்:
பன்னிக்கு கிலோமீட்டர் கல்லு தெரியுமுங்களா?

செல்வி_விஏஓ_மகள்:
சண்டை அப்புறம் போடுங்க. அண்ணா, சாஞ்ச தட்டை அள்ளறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சு, வி.ஏ.ஓ.கிட்டயும் ரேஞ்சர் ஆபீஸ்லயும் நிவாரணத்துக்கு எழுதிக் குடுங்க. மாட்டுக்கு அறுத்துப் போட்டுட்டா அப்புறம் எதைக் காட்டுவீங்க? பாரஸ்ட் எல்லை எவ்வளவு தூரம்? லைசென்ஸ் உங்க பேர்லதானே?

குழல்12:
அதானே. யார் பேர்ல?

சோளக்காட்டான்:
அப்பா பேர்லங்க. அவருக்கு 74, கண்ணு சரியாத் தெரியாது. நான்தான் சுடலாம்னு இருந்தேன். பாரஸ்ட் முக்கால் கிலோமீட்டர் இருக்கும்.

சட்டப்பிரிவு_சாமி:
இதை முதல் வரியில எழுதியிருக்கணும். அப்பா லைசென்ஸ்ல உங்க பேர் இல்லாம நீங்க அதைத் தூக்கினாலே தனிக் கேஸ்.

குழல்12:
துப்பாக்கி இப்ப எங்க இருக்கு?

(மறுநாள்)

சோளக்காட்டான்:
அப்பாகிட்ட கேட்டேங்க. 2024 எலக்ஷனுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைச்சதை இன்னும் எடுக்கவே இல்லையாம். ரசீதைத் தேடிட்டு இருக்கறோம். போட்டோ எடுத்தாச்சு. ராத்திரி தகரம் தட்டினோம், மறுபக்கமா வந்து தின்னுட்டுப் போயிருச்சு.