கான்கிரீட் போடுமுன் எடுத்த படம் போதுமா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த பள்ளிக் கட்டடத்துக்குப் பொறியியல் கல்லூரி ஆய்வு மாணவர்கள் இருவர் வந்தார்கள். தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பிக்கட்டைக் கேமராவில் படமெடுத்து, கம்பிகளின் இடைவெளியையும், அடிக் கவரையும், அதாவது கம்பிக்கு அடியில் அதை மூடப்போகும் கான்கிரீட்டின் கனத்தையும், மென்பொருளைக் கொண்டே சரிபார்ப்பது அவர்களுடைய திட்டம். கட்டுமானத் தன்னியக்கத்துக்கென 1984 முதல் நடந்துவரும் பன்னாட்டுக் கருத்தரங்கு 2023இல் சென்னையில் கூடியபோது வெளியான கட்டுரைகள் சிலவற்றையும் கையில் வைத்திருந்தார்கள்.

செங்கல் அடுக்கும் இயந்திரம் என்று தொடங்காமல் கவரை எடுத்துக்கொண்டதே எனக்குப் பிடித்திருந்தது. உப்புக் காற்றிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊடுருவிக் கம்பியை எட்டிவிட்டால், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். அது எட்டுவதைத் தள்ளிப்போடுவது கான்கிரீட்டின் அடர்த்தியும் கவரின் கனமுமே. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000, கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ., கடல்நீர் தெறிக்கும் பரப்புக்கு 50 மி.மீ. கவர் வேண்டும் என்கிறது. புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போட்டார்கள். பள்ளிக் கட்டட மதிப்பீட்டில் அதற்கெல்லாம் இடமேது?

காலையில் எடுத்த படங்களில் எல்லாக் கட்டங்களும், அளவு சரி என்பதற்கான பச்சை நிறம் காட்டின. அதைப் பார்த்த எங்கள் மேஸ்திரி, "தம்பி, படம் சரிதான். சட்டி தூக்குறவுக மிதிச்சு முடிச்சப்புறம் கம்பி எங்க கெடக்குன்னு இது சொல்லுமா?" என்று கேட்டார். மாணவர்கள் அதைத் தட்டிக்கழிக்காமல், அன்றே ஆய்வுத் திட்டத்தைத் திருத்தி, கான்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்த பிறகு அதே கட்டங்களைக் கீழிருந்து, உள்ளே கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்தே காட்டும் கவர் மீட்டரால் அளப்பதென்று சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த அளவீடுதான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. கான்கிரீட்டை மேலே ஏற்றும் லிஃப்டிலிருந்து அதைக் கொட்டும் இடம்வரை ஆட்கள் நடந்த தடத்தில் மட்டும் கவர் குறைந்திருந்தது. மிதிபட்டு, கம்பியைத் தூக்கிப்பிடிக்கும் கவர் கட்டைகள் சாய்ந்தோ உடைந்தோ போயிருக்க வேண்டும். மற்ற இடங்களில் படமும் மீட்டரும் ஏறக்குறைய ஒத்துப்போயின. கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்புகளில் மீட்டரின் கணக்கை அப்படியே நம்ப முடியாது என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். இதுவும் பாராட்டத்தக்க கவனம்.

ஆய்வகத்தில் வகுக்கும் திட்டங்களில் பெரும்பாலும் எதை அளப்பது என்பது தெளிவாக இருக்கும். எந்த வேளையில் அளப்பது என்பது வேலையிடத்துக்கு வந்த பிறகே பிடிபடுகிறது. அடுத்த தளத்துக்குக் கம்பியைத் தொடாத உயரத்தில் நடைப்பலகை போட்டோம். கான்கிரீட் போடும்போதே பார்க்கும்படி கேமராவையும் கம்பத்தில் ஏற்றினார்கள். கச்சான் காற்றில் கம்பம் ஆடிப் படங்கள் கலங்கியதால், இப்போது அதைத் தூண் கம்பியோடு சேர்த்துக் கட்டிப் பார்க்கிறார்கள்.