அம்மாவின் மணிக்கட்டு கூடிவிட்டது. ஆண்டுக்கொரு ஊசி இனியும் தேவையா?

கேள்வி – தஞ்சை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. மூன்று மாதங்களுக்கு முன் வாசல் தெளிக்கும்போது கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த அன்று தோல் உரிந்து, கை குச்சியாக மெலிந்திருந்ததைப் பார்த்து அழுதவர், இப்போது அதே கையால் சப்பாத்திக்கு மாவு பிசைகிறார்.

ஆனால் மருத்துவர், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடுப்பில் டி ஸ்கோர் (இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.9 என வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, எலும்பு கரைவதைக் குறைக்கும் சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை டிரிப்ஸாக ஏற்றிக்கொள்ள வேண்டும் என்கிறார். அம்மாவோ, "எலும்புதான் கூடிவிட்டதே, இனி எதற்கு ஊசி?" என்று மறுக்கிறார். அந்த ஊசியால் தாடை எலும்பு அழுகிவிடும் என்று உறவினர் ஒருவர் வேறு பயமுறுத்தியிருக்கிறார். கேழ்வரகும் கால்சியம் மாத்திரையும் போதாதா? அம்மா பத்து ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் அதோடு கால்சியத்தையும் சேர்த்தே விழுங்குகிறார். இன்னொன்று: முன்பெல்லாம் கைக்கு எட்டிய பூஜை அலமாரி விளக்கு இப்போது எட்டாததால், மணை போட்டு ஏறித்தான் ஏற்றுகிறார்.

பதில் – ஓய்வுபெற்ற செவிலியர்

சகோதரி, நீங்கள் கடைசியாக எழுதிய வரிதான் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. விளக்கு எட்டவில்லை என்றால் அம்மாவின் உயரம் குறைந்திருக்கிறது என்று பொருள். முதுகெலும்பின் கண்டங்கள் நசுங்கும்போது பலருக்கு வலியே தெரியாது. வயதானால் கூன் விழுவது இயல்புதானே என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். முதுகுக்குப் பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுக்கும்படி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். மணையை இன்றே எடுத்துவிடுங்கள்.

நம் ஊரில் எல்லாவற்றையும் "எலும்புத் தேய்மானம்" என்றே சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. முழங்கால் வலிக்குக் காரணமாகச் சொல்லப்படுவது மூட்டுக் குருத்தெலும்பின் தேய்மானம். அம்மாவுக்கு இருப்பது எலும்புப்புரை: மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, எலும்பைக் கரைக்கும் அணுக்களின் வேகத்துக்கு எலும்பைக் கட்டும் அணுக்கள் ஈடுகொடுக்க முடியாமல், உள்ளே இருக்கும் வலைப்பின்னல் மெலிந்துபோகிறது. முறியும்வரை அது வலிக்காது. டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைவிட முக்கியமானது, நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தது என்பதுதான். மாவுக்கட்டு அந்த ஒரு முறிவைத்தான் கூட்டியது. மற்ற எலும்புகள் அப்படியேதான் இருக்கின்றன. எலும்பியல் வார்டில் நான் பணியாற்றிய காலத்தில், இடுப்பு முறிந்து வந்த பாட்டிமார்களிடம் விசாரித்தால், சில ஆண்டுகளுக்கு முன் கை முறிந்த கதையைப் பலர் சொல்வார்கள். அப்போதே யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் மனம் நொந்திருக்கிறேன்.

இந்த மருந்தைப் பற்றி 2007இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. தாடைப் பாதிப்பு உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் புற்றுநோய்க்காக இதே மருந்தை மாதந்தோறும் ஏற்றிக்கொள்பவர்களிடம் காணப்படுவது. எலும்புப்புரைக்கான அளவில் மிக அரிது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முன்பே முடித்து, புண் ஆறியபின் ஏற்றிக்கொள்ளலாம்.

பதில் – மருந்தாளுநர்

தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கக் கூடாது. கால்சியம் தைராய்டு மருந்தை உடலில் சேரவிடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம் என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகு அதே தைராய்டு மருந்து முன்பைவிடக் கூடுதலாக உடலில் சேரும் என்பதால், ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். எனும் தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு மருந்து அளவுக்கு மிஞ்சினால் அதுவே எலும்பை மெலியவைக்கும்.

கேழ்வரகு நல்ல உணவு. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அம்மாவின் வயதில் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் தேவை. ஆனால் கரைவதை நிறுத்தாமல் கால்சியத்தை மட்டும் கொடுப்பது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான். ஊசிக்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டையும் வைட்டமின் டி அளவையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது ஏற்றினால் இரத்தத்தில் கால்சியம் சரிந்துவிடும்.

பதில் – மதுரை அக்கா

நான் இரண்டு முறை ஏற்றிக்கொண்டேன். முதல் முறை மறுநாள் காய்ச்சலும் உடல் முழுவதும் அடித்துப்போட்டதுபோல் வலியும் இருந்தன; பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, நிறையத் தண்ணீர் குடித்ததில் மூன்றாம் நாள் எழுந்துவிட்டேன். இரண்டாம் முறை அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; தெரிந்தால் பயப்பட மாட்டார்.

தஞ்சை மகள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எக்ஸ்ரே எடுத்தோம், முதுகில் ஒரு கண்டம் முன்பக்கமாக நசுங்கி ஆப்பு வடிவில் இருக்கிறது. எப்போது நடந்தது என்று அம்மாவுக்கே நினைவில்லை. அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், ஊசிக்குச் சம்மதித்துவிட்டார். வைட்டமின் டி குறைவாக இருப்பதால் முதலில் அதைச் சரிசெய்கிறார்கள். விளக்கைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டோம்.