கான்ட், ரூசோ போன்றோரை ஊர் வாசகர்களுக்கு எவ்வாறு அறிமுகப்படுத்தலாம்?

களுவாஞ்சிகுடி வாசகர்:
எங்கள் ஊரில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில், பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பகுத்தறிவை முன்னிறுத்திய அறிவொளிக்காலச் சிந்தனையை அறிமுகப்படுத்தும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளும் ஓய்வுபெற்ற அரச ஊழியர்களும் வருவார்கள், பெண்களே அதிகம். தத்துவத்தை முறையாகப் படித்தவர் எவருமில்லை. ஜெர்மானியத் தத்துவவாதி இமானுவேல் கான்ட் 1784இல் எழுதிய ‘அறிவொளி என்றால் என்ன?’ என்ற கட்டுரை சில பக்கங்களே என்பதால் அதிலிருந்து தொடங்க எண்ணுகிறேன். பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்புவிக்கும் பாடமாக அது மாறிவிடாதிருக்க வழி உண்டா?

கல்லடியான்:
கட்டுரைக்கு முன்னர் போர்த்துக்கலின் தலைநகர் லிஸ்பனைப் பற்றிப் பேசுங்கள். 1755 நவம்பர் 1ஆம் திகதி, சகல புனிதர் திருநாளன்று மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த வேளையில் அந்நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது; பின்னர் கடல் புகுந்தது; எஞ்சியதைத் தீ அழித்தது. 2004 மார்கழியில் ஆழிப்பேரலையைக் கண்ட நம்மவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. எல்லாம் நன்மைக்கே என்று கூறிய தத்துவத்தைச் சாடி பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டேர் கவிதை எழுத, அதைப் படித்த, ஜெனீவாவில் பிறந்த சிந்தனையாளர் ரூசோ, ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கமாகக் கட்டியது இயற்கையன்று என்று 1756இல் அவருக்குக் கடிதம் எழுதினார். கான்ட்டோ அதே ஆண்டில் நிலநடுக்கம் பற்றி மூன்று கட்டுரைகள் வெளியிட்டார். நிலத்தடிக் குகைகளில் எரியும் வாயுக்களே காரணம் என்ற அவரது விளக்கம் பிழையானது. ஆயினும் அவர் காரணத்தை மண்ணுக்குள் தேடினார், மக்களின் பாவத்தில் தேடவில்லை.

கல்முனை ஆசிரியை:
தொடக்கம் நல்லதுதான், ஆனால் அவதானம் தேவை. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய நிலத்திலுள்ள நாவலடி போன்ற இடங்களில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் சபையில் இருக்கலாம். அவர்கள் முன்னிலையில் ரூசோவின் வாதத்தை அப்படியே எடுத்துரைத்தால், அங்கே ஏன் குடியிருந்தீர்கள் என்று கேட்பதாகவே அது ஒலிக்கும். லிஸ்பனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நம் கரையைப் பற்றி அவர்களே பேச விரும்பினால் பேசட்டும்.

கான்ட்டின் கட்டுரையில் வாசகர் தடுக்கி விழும் இடம் வேறு. பதவியிலிருந்து செயற்படுவதை அவர் அறிவின் தனிப்பட்ட பயன்பாடு என்கிறார்; வாசிக்கும் உலகின் முன் எழுதுவதையே பொதுப் பயன்பாடு என்கிறார். நாம் நினைப்பதற்கு இது நேர்மாறு. வரி செலுத்த மறுக்க முடியாது, ஆனால் அந்த வரி அநீதியானது என்று பகிரங்கமாக எழுதலாம் என்பது அவரே தரும் உதாரணம். ஓய்வுபெற்ற அரச ஊழியர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள்; அடக்கிவைத்த விவாதம் அவர்களிடம் நிறைய இருக்கும்.

களுவாஞ்சிகுடி வாசகர்:
இருவருக்கும் நன்றி. பெண்கள் அனைவரும் உட்பட மனிதரில் பெரும்பாலோர் சுயமாகச் சிந்திப்பதை ஆபத்தென்று கருதும்படி அவர்களின் காப்பாளர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் கான்ட் எழுதுகிறார். அந்த வரியை வாசித்துவிட்டுச் சபையைப் பேசவிட எண்ணுகிறேன். பெண்களின் உரிமைகளை வலியுறுத்தி மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் எழுதிய நூலை அதற்கடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம்.