சிஸ்டம் இன்டரப்ட்ஸ் சும்மாவே 13% சிபியு எடுக்குது, நிறுத்தவும் முடியல, வழி சொல்லுங்க

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். விண்டோஸ் 11 லேப்டாப், 4 கோர் 8 த்ரெட், 8 ஜிபி ரேம். ரெண்டு வாரமா ஒரு அப்ளிகேஷன் கூட ஓப்பன் பண்ணாம சும்மா வச்சிருந்தாலே ஃபேன் இரையுது, பேட்டரி சீக்கிரம் இறங்குது, பாட்டு போட்டா நடுநடுவுல டப் டப்னு வெட்டுது. டாஸ்க் மேனேஜர்ல பார்த்தா சிஸ்டம் இன்டரப்ட்ஸ்னு ஒண்ணு 12, 13 சதவீதத்துலயே நிக்குது, ஏறவும் மாட்டேங்குது இறங்கவும் மாட்டேங்குது. எண்ட் டாஸ்க் பண்ணவும் விடல. வைரஸ் ஸ்கேன் ரெண்டு தடவை ஓட்டிட்டேன், ஒண்ணும் இல்ல. தெரிஞ்சவர் ஒருத்தர் ஃபார்மேட் அடிச்சிடுன்றார், ஆனா அடுத்த வாரம் ப்ராஜெக்ட் குடுக்கணும், இப்ப எல்லாத்தையும் அழிச்சு திரும்ப இன்ஸ்டால் பண்ண சத்தியமா நேரமில்ல. யாராவது ஹெல்ப் பண்ணுங்க.

நிலாவெளி:
ரேம் பத்தலன்னு நினைக்கிறேன் ப்ரோ, 16 ஆக்கிப் பாருங்க. ஸ்டார்ட்டப்ல தேவையில்லாத எல்லாத்தையும் டிஸேபிள் பண்ணுங்க. மைனர் (நமக்குத் தெரியாம சிபியுவ வச்சு கிரிப்டோ காசு எடுக்கிற சாஃப்ட்வேர்) மாதிரி ஏதாவது உள்ள ஒளிஞ்சு ஓடுதோ என்னவோ.

பழைய_கீபோர்டு:
ரேமும் இல்ல, மைனரும் இல்லன்னுதான் தோணுது. மைனர்னா பொதுவா அதுக்குன்னு ஒரு ப்ராசஸ் பேர் இருக்கும். சிஸ்டம் இன்டரப்ட்ஸ் உண்மையில ப்ராசஸே கிடையாது, அதனாலதான் தம்பி உங்களால அத நிறுத்த முடியல. கீபோர்டு, வைஃபை, டிஸ்க், சவுண்டு இதெல்லாம் "என்னைய கொஞ்சம் கவனி"ன்னு ப்ராசஸர கூப்பிடும், உடனே ப்ராசஸர் செஞ்சுக்கிட்டிருந்த வேலைய அப்படியே வச்சிட்டு அங்க போகும். அவசரமான துண்டு வேலைய அப்பவே முடிச்சிட்டு மீதிய டிபிசின்னு ஒரு வரிசையில போட்டு கொஞ்சம் தள்ளி முடிக்கும். இந்த ரெண்டுக்கும் போற நேரத்த ஒரே வரியா கூட்டிக் காட்டுறதுதான் அந்தப் பேர். நல்லா இருக்கிற மெஷின்ல ஒரு சதவீதத்துக்கு கீழ, மிஞ்சிப்போனா ரெண்டு. பாட்டு வெட்டுறதுக்கும் இதேதான் காரணம், டிபிசி இடத்த விடாம பிடிச்சிக்கிட்டா சவுண்டு டேட்டா நேரத்துக்கு போய்ச் சேராது. டிரைவர் (டிவைஸ விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர்) எழுதுறவங்களுக்கு ஒரு டிபிசி 100 மைக்ரோசெகண்டுக்கு மேல ஓடக்கூடாதுன்னு மைக்ரோசாஃப்ட்டே வழிகாட்டுது.

இப்ப உங்க நம்பர கவனிங்க. 100ஐ 8ஆல வகுத்தா 12.5. அதாவது எட்டு த்ரெட்ல (விண்டோஸ் ஒவ்வொண்ணையும் ஒரு லாஜிக்கல் ப்ராசஸரா எண்ணும்) ஒண்ணு முழுசா இதுக்கே போயிடுதுன்னு படுது. டாஸ்க் மேனேஜர்ல சிபியு கிராஃப் மேல ரைட் கிளிக் பண்ணி லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்னு மாத்துங்க, எட்டு பெட்டில ஒண்ணு மட்டும் நிரம்பி இருக்கும் பாருங்க. அப்படி இருந்தா ஏதோ ஒரே ஒரு டிவைஸ் விடாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, எதுன்னு கண்டுபிடிச்சா போதும், ஃபார்மேட் வேண்டாம்.

முதல்ல வெளிய சொருகினது எல்லாத்தையும் கழட்டுங்க, சார்ஜர் உள்பட. அப்புறம் ரீஸ்டார்ட், ஷட்டவுன் இல்ல, ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணும்போது கெர்னல (விண்டோஸோட மையப் பகுதி) ஃபைல்ல எழுதி வச்சு அடுத்த தடவை அதையே தூக்கிட்டு வரும், டிரைவர் எதுவும் புதுசா ஆரம்பிக்காது. அதுக்கப்புறம் ஒருதடவை சேஃப் மோடுல போய் பார்த்துட்டு சொல்லுங்க.

மழைத்துளி:
அண்ணா நீங்க சொன்னது அப்படியே இருக்கு, முதல் பெட்டி மட்டும் 100ல நிக்குது, மத்த ஏழும் தூங்குது!! எல்லாத்தையும் கழட்டி ரீஸ்டார்ட் பண்ணேன், மாற்றமில்ல. ஆனா சேஃப் மோடுல 0.2 தான், ஃபேனும் அமைதி. வெளிய எதுவுமே சொருகலையே, அப்ப எது கூப்பிடுது?

நிலாவெளி:
ஓ, இது எனக்கும் புது விஷயம். ரேம்னு சொன்னதுக்கு சாரி ப்ரோ.

பழைய_கீபோர்டு:
சேஃப் மோடுல சரியாயிடுதுன்னா நல்ல செய்தி. அங்க கொஞ்சம் டிரைவர்தான் லோடாகும், அப்ப லோடாகாத ஏதோ ஒண்ணுதான் ஆள். வெளிய சொருகலன்னாலும் உள்ளயே வெப்கேம், ப்ளூடூத், ஃபிங்கர்பிரிண்ட், கார்டு ரீடர்னு நிறைய இருக்கு, நாம மறந்தே போயிருப்போம்.

லேட்டன்ஸிமான்னு ஒரு டூல் இருக்கு, வீட்டு யூஸுக்கு ஃப்ரீ. ஓப்பன் பண்ணி ப்ளே பட்டன அழுத்திட்டு அஞ்சு நிமிஷம் தொடாம விடுங்க. அப்புறம் டிரைவர்ஸ் டேப்ல டிபிசி கவுண்ட் காலம்ம க்ளிக் பண்ணி பெருசு மேல வர்ற மாதிரி அடுக்குங்க. மேல நிக்கிறது என்டிஐஎஸ்னா நெட்வொர்க், ஸ்டோர்போர்ட்னா டிஸ்க், ஏசிபிஐன்னா பேட்டரி, பவர் பக்கம். புரியாத பேர்னா பக்கத்துல டிஸ்க்ரிப்ஷன்ல போட்டிருக்கும்.

பேர் தெரிஞ்சதும் டிவைஸ் மேனேஜர்ல அத மட்டும் டிஸேபிள் பண்ணிப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு, தயவுசெஞ்சு டிஸ்க் கண்ட்ரோலர், கீபோர்டு, டிஸ்பிளே, சிஸ்டம் டிவைசஸ்ல இருக்கிறது எதையும் தொடாதீங்க. டிரைவர் அப்டேட்டர்னு விளம்பரம் பண்ற சாஃப்ட்வேரும் வேண்டாம், லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடல் நம்பர் போட்டு எடுக்கிற டிரைவர் போதும்.

(எக்ஸ்பி காலத்துல இதே மாதிரி நிறைய பார்த்திருக்கேன். டிஸ்க்ல ஆறு எரர் ஆயிடுச்சுன்னா விண்டோஸ் தானாவே வேகத்த படிப்படியா குறைச்சு பிஐஓ மோடுக்கு (டேட்டாவ சிபியுவே சுமக்கிற பழைய முறை) தள்ளிடும், அப்புறம் ஒவ்வொரு ஃபைல் காப்பிக்கும் சிபியு மாடு மாதிரி உழைக்கும். டிஸ்க் கேபிள மாத்தி, கண்ட்ரோலர அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் குடுத்தா சரியாகும்.)

கருந்திரை:
ஒரு சின்ன யோசனை. பென்டிரைவ்ல லினக்ஸ் லைவ் (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுறது) போட்டு பூட் பண்ணா, ப்ராக் ஃபோல்டர்ல இன்டரப்ட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், எந்த டிவைஸ் எத்தன தடவை கூப்பிட்டுச்சுன்னு ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியா காட்டும். அங்கயும் ஒரே வரி எகிறிக்கிட்டே இருந்தா விண்டோஸ் டிரைவர் மேல தப்பு இல்ல, ஹார்டுவேர்தான்னு சொல்லிடலாம்.

மழைத்துளி:
கிடைச்சிடுச்சு!!! லேட்டன்ஸிமான்ல மேல ஒரு புரியாத பேர், டிபிசி கவுண்ட் லட்சக்கணக்குல, அடுத்த வரி சில ஆயிரம்தான். டிஸ்க்ரிப்ஷன் பார்த்தா கார்டு ரீடர். நான் அத யூஸ் பண்ணதே இல்ல அண்ணா, அப்படி ஒண்ணு இருக்குன்னே மறந்துட்டேன். டிவைஸ் மேனேஜர்ல டிஸேபிள் குடுத்த உடனே 0.3க்கு இறங்கிடுச்சு, ஒரு நிமிஷத்துல ஃபேன் நின்னுடுச்சு, பாட்டும் வெட்டல. கையெடுத்து கும்பிடறேன். இத அப்படியே டிஸேபிள்ல விட்டா ஏதாவது பிரச்சனை வருமா?

பழைய_கீபோர்டு:
யூஸ் பண்ணலன்னா தாராளமா விடலாம். ஆனா அதுக்கு முன்னாடி லேப்டாப்ப ஆஃப் பண்ணிட்டு அந்த ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு ஒருதடவை பாருங்க. கார்டு இருக்கா இல்லையான்னு சொல்ல உள்ள ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், அது சரியா ஒட்டாம பாதியில நின்னா "வந்துடுச்சு, போயிடுச்சு"ன்னு ஓயாம சொல்லிக்கிட்டே இருக்கும்.

மழைத்துளி:
பார்த்தேன் அண்ணா. லேப்டாப்போட வந்த டம்மி பிளாஸ்டிக் கார்டு பாதி வெளிய வந்து கோணலா நின்னுச்சு, பைக்குள்ள வச்சு எடுக்கும்போது எங்கயோ இடிச்சிருக்கும் போல. அத எடுத்துட்டு ரீடர திரும்ப எனேபிள் பண்ணேன், ரெண்டு மணி நேரமா பார்க்கறேன், 0.3 தாண்டல. ஃப்ரெண்டோட கேமரா கார்டு போட்டும் பார்த்தாச்சு, ஒழுங்கா ரீட் ஆகுது. ப்ராஜெக்ட உக்காந்து முடிக்கப் போறேன்.