பாட்டா கதையை எழுத உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போன எங்கள் பாட்டாவின் வாழ்க்கையை எழுதி வருகிறேன். அவர் பேசப் பேச போனில் பதிவு செய்கிறேன். அவருக்கு எல்லாமே கொல்லம் ஆண்டுதான் (மலையாள ஆண்டுக் கணக்கு). 1130 ஆடி என்றால் 825 கூட்டி 1955 என்று போட்டுக்கொள்வேன், அது பிரச்சினை இல்லை. ஆனால் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த 1954 போராட்டத்தையும், 1956 நவம்பர் 1-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததையும் ஒரே வருடத்துச் சம்பவமாகச் சொல்கிறார். திருத்தி எழுதுவதா, அவர் சொன்னபடியே விட்டு அடிக்குறிப்பு போடுவதா? எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது.

அப்புறம், சொத்துத் தகராறு வருகிற இடம். சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள். பெயரை மாற்றினாலும் ஊருக்கே ஆள் தெரியும்! குடும்பக் கதை எழுதியவர்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? முதல் அத்தியாயத்தை யாராவது வாசித்துச் சொன்னாலும் நல்லது.